ஆனி ஆறாம் தேதியில் எரிந்த விளக்கு

கம்பெனியின் விளம்பரக் கையேடு, பதினான்காம் விதி: "அச்சுக்குப் போகும் விளம்பரப் பொருள் எதுவாயினும், அதிலுள்ள ஒவ்வொரு எழுத்தையும் ஒவ்வொரு எண்ணையும் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றொருவர் மூலப்படியோடு ஒப்பிட்டுப் பார்த்து, இருவரும் கையொப்பமிட வேண்டும்."

நல்ல விதி. யாரோ பட்டுத் தெரிந்துகொண்டு எழுதியது. விளம்பரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களையும் முதல் வாரத்திலேயே இதை மனப்பாடம் செய்ய வைத்திருப்பார்கள். ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆகியும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் நான் இதை ஒப்பிப்பேன். என் பணிக்காலத்தின் மிகப் பெரிய தவறை இந்த விதியைத் துளியும் மீறாமல்தான் செய்தேன் என்பதால், இதிலிருந்தே தொடங்குகிறேன்.

அறுபதுகளின் முற்பாதி. விழுப்புரம் டெப்போவில் எனக்குப் பப்ளிசிட்டி இன்ஸ்பெக்டர் உத்தியோகம். ஊர்க்காரர்களுக்கு நான் 'சோப்பு சார்'. விழுப்புரம், திண்டிவனம் இரண்டு வட்டாரங்களிலும் எங்கள் குளியல் சோப்பைப் பற்றி மக்கள் பேசும்படி செய்வது என் வேலை. சீயக்காயும் பயத்தமாவும் சும்மா கிடைக்கிற ஊர்களில் சோப்பைப் பற்றி யார் பேசுவார்கள்? சுவரில் எழுதினோம், கொட்டகையில் சிலைடு போட்டோம், வண்டியில் குழாய் கட்டிப் பாட்டு வைத்தோம். கூட்டம் வந்தது, பாட்டைக் கேட்டது, போய்விட்டது.

எடுபட்டது காலண்டர் ஒன்றுதான். பத்து சோப்பு உறைகளைக் கொடுத்தால் ஒரு காலண்டர். மேலே முருகன் படம், கீழே இங்கிலீஷ் மாதத்துக்கு ஒரு தாள், கட்டத்துக்குள் தமிழ்த் தேதியும் உண்டு. முஸ்லிம்கள் அதிகமுள்ள கோட்டக்குப்பம் கடைகளுக்கு மட்டும் முருகனுக்குப் பதில் இயற்கைக் காட்சி. காலண்டருக்காகவே சோப்பு வாங்கினார்கள். காணை என்ற ஊரில் ஒரு வீட்டில் குதிரின் மேல் பத்து சோப்புக் கட்டிகள் உறையில்லாமல் அடுக்கியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அந்த வீட்டில் யாரும் சோப்புப் போட்டுக் குளிப்பதில்லை. தலைமை அலுவலகத்தில் அதை 'விற்பனை' என்று எழுதிக்கொண்டார்கள்.

அதே வீட்டில்தான் எனக்கு அந்த யோசனையும் வந்தது. காலண்டரில் முகூர்த்த நாள், கரிநாள் எல்லாம் எழுத்தில் போட்டிருந்தோம். அந்த வீட்டு அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "சார், இதுல எது நல்ல நாளு, எது ஆவாத நாளு, கொஞ்சம் சொல்லிட்டுப் போங்க" என்று என்னை நிறுத்திக் கேட்டார். எழுத்துக்குப் பதில் படம் போட்டால் என்ன என்று அன்று தோன்றியது. கல்யாணத்துக்கு உகந்த நாளுக்கு எரியும் விளக்கு. நல்ல காரியம் எதற்கும் ஆகாத கரிநாளுக்கு அணைந்த விளக்கு. இரண்டும் கடுகளவு படம். ஒரே விளக்குதான், சுடர் இருக்கும் அல்லது இருக்காது.

தலைமை அலுவலகம் ஏற்றுக்கொண்டது. என்னைப் பாராட்டி ஒரு கடிதமும் வந்தது, அதுவும் நான்கே நாளில். முதல் வருடமே கடைகளில் எங்கள் சோப்பின் பெயரைச் சொல்லிக் கேட்பது நின்று, 'விளக்கு சோப்பு' என்று கேட்க ஆரம்பித்தார்கள். அணைந்த விளக்கு நாளில் கடைக்காரர்கள் சரக்கு இறக்க மறுத்தார்கள். முடிவெட்டிக்கொள்வது, விதை எடுப்பது, டவுனுக்குப் போவது எல்லாம் எங்கள் காலண்டரைப் பார்த்தே நடந்தன. சோப்பு விற்கப் போன நாங்கள் எங்களை அறியாமல் நாள் விற்றுக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் வருடக் காலண்டரின் அச்சுப்படி திருத்தத்துக்கு வந்தது. டெப்போ மேனேஜர் உரக்கப் படித்தார், நான் ஒப்பிட்டேன். கம்பெனி பெயர், விலாசம், சோப்பின் பெயர், தேதிகள் ஒன்று முதல் முப்பத்தொன்று வரை, பன்னிரண்டு தாளும். ஓர் எழுத்து விடவில்லை, ஓர் எண் விடவில்லை. விளக்கு எழுத்துமல்ல, எண்ணுமல்ல. அதை யாரும் படிக்கவில்லை. இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

சித்திரை கடைசியில் ஒரு நாள் காலை, வெள்ளை வேட்டி கட்டிய மெலிந்த மனிதர் ஒருவர் துணியில் சுற்றிய புத்தகத்தோடு டெப்போவுக்கு வந்தார்.

"சோப்பு கம்பெனி இதானே?"

"ஆமாம். உட்காருங்க."

"நான் காணையில ஜோசியம் பாக்கறவன் சார். முப்பது வருசமா நான் நாள் குறிச்சிக்கினு இருந்தேன். ரெண்டு வருசமா நீங்க குறிக்கிறீங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சண்டை போட வரல சார். பொழப்பு போனா போவுது, கேப்பை வெதைச்சிக் கூழு குடிச்சிக்கிறேன். இத்த மட்டும் பாருங்க." பஞ்சாங்கத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தார். சுவரில் தொங்கிய எங்கள் காலண்டரை அவரே இறக்கி ஜூன் தாளைத் தூக்கிக் காட்டினார். "ஆனி ஒண்ணும் ஆறும் கரிநாளு. எந்த வருசமும் மாறாது. நீங்க ஆறாந்தேதி விளக்கு ஏத்தியிருக்கீங்க. பதிமூணு நல்ல முகூர்த்தம். அத்த அணைச்சி வெச்சிருக்கீங்க."

பார்த்தேன். ஒரே கிழமை, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கட்டங்கள். அச்சுக் கோத்தவர் இரண்டு விளக்கையும் இடம் மாற்றி வைத்திருந்தார்.

"எந்த வருஷமும் மாறாதுன்னா ஜனங்களுக்கே தெரியுமே?" என்றேன்.

"தெரிஞ்சிக்கினுதான் இருந்தாங்க. விளக்கு வந்தப்புறம் அத்த எல்லாம் எவன் மனசுல வெச்சிக்கினு இருக்கான்?"

அவர் தொடர்ந்தார். "கெடார்ல ஏழுமலைன்னு ஒருத்தரு, மல்லாட்டை போடறவரு. பொண்ணுக்கு ஆனி ஆறு வெச்சிருக்காரு. போய்ச் சொன்னேன். 'ஜோசியரே, நீ ஒத்த ஆளு. கம்பெனிக்காரன் மெட்ராஸ்ல பத்து பேரு உக்காந்து பாத்துப் போடறான்'னு அனுப்பிட்டாரு. என் காதுக்கு வந்ததே அஞ்சு கல்யாணம் சார், அதே தேதியில. வராதது எத்தினியோ."

அந்தப் பத்துப் பேரில் நானும் மேனேஜரும் அடக்கம் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மேனேஜர் கம்பெனியோடு சேர்ந்து நரைத்தவர். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "கரிநாளில் தாலி கட்டினால் முடிச்சு விழாதா?" என்றார். பிறகு கையேட்டைத் திறந்து இருபத்திரண்டாம் விதியைக் காட்டினார்: அச்சான விளம்பரத்தில் பிழை உள்ளதாக வெளியார் எவரிடமும் ஒப்புக்கொள்ளலாகாது, திருத்தம் எதுவும் தலைமை அலுவலகத்தின் எழுத்துமூலமான அனுமதியோடு மட்டுமே. "எழுதுங்க. அனுமதி வந்தால் செய்யலாம். வராவிட்டால் நாம் எழுதியாயிற்று" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். நம் தொழிலில் பாதிப் பேர் ஓய்வு வயது வரை அதிலேயே குடியிருந்துவிடுவார்கள்.

மூன்று படிகளில் எழுதினேன். திருத்திய ஜூன் தாளை அச்சிட்டுத் தர அனுமதி கோரி, அவசரம் என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டு அனுப்பினேன். ஒரு வாரம் ஆயிற்று. நினைவூட்டல் போட்டேன். இன்னொரு வாரம். தந்தி கொடுத்தேன். பதில் இல்லை.

எனக்கு நாள் நட்சத்திரத்தில் நம்பிக்கை கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆறாம் தேதியும் பதின்மூன்றாம் தேதியும் எனக்கு ஒன்றுதான். ஆகவே பேசாமல் இருப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தத் தாளின் மூலையில் என் கையெழுத்து இருந்தது. ஆனி பிறக்க இரண்டு வாரத்துக்கும் சற்று அதிகமாக இருந்தபோது, வண்டியை எடுக்கச் சொல்லிக் கெடாருக்குக் கிளம்பினேன். ஓட்டியவர் கோட்டக்குப்பத்து காதர் பாய். பத்து வருடமாக எங்கள் விளம்பர வண்டியை ஓட்டியவர்.

ஏழுமலை களத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "சோப்பு சாரா! வாங்க வாங்க. மோரு கொண்டாரச் சொல்லட்டா?" என்றார். நான் விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"இன்னா சார் சொல்றீங்க? கம்பெனி தப்பாப் போடுமா?"

"போட்டுட்டோம். நான்தான் சரியாப் பார்க்காம கையெழுத்துப் போட்டேன்."

"ஜோசியர் உங்களாண்ட வந்தாரா?"

"வந்தார். அவர் காட்டித்தான் எனக்கே..."

"அப்படிச் சொல்லுங்க. தட்சணை போன வயித்தெரிச்சலு அந்தாளுக்கு. உங்களையும் இஸ்துக்கினு வந்துட்டாரு." துண்டை உதறித் தோளில் போட்டார். "சார், ஒங்களுக்குத் தெரியாது. போன தையில எம் பொண்ணுக்கு ஒரு எடம் முடிவாச்சு. பத்திரிகை குடுத்தப்புறம் மாப்புள வூட்ல ஒரு சாவு. தள்ளி வெச்சாங்க. தள்ளித் தள்ளி, கடைசியில ராசியில்லாத பொண்ணுன்னுட்டாங்க. இப்ப கிளியனூர்ல நல்ல எடம் அமைஞ்சிருக்குது. நான் போயி தேதிய மாத்துங்கன்னு நின்னா, ஒரு தரம் நின்ன பொண்ணு இன்னொரு தரமும் இழுக்குதுன்னு தாம்பூலத்தத் திருப்பிடுவாங்க. அவங்க வூட்லயும் ஒங்க காலண்டருதான். ரெண்டு வூட்லயும் ஆறாந்தேதி விளக்கு எரியுது. நீங்க போயிட்டு வாங்க."

காலண்டரைச் செய்தவன் வந்து சொல்கிறேன், காலண்டரை நம்புகிறார். செய்தவனை நம்பவில்லை. இத்தனை வருடம் நாங்கள் உழைத்தது இதற்குத்தானே என்று எனக்கு ஒரு பக்கம் சிரிப்பும் வந்தது.

களத்தின் ஓரத்தில் கல்யாணப் பெண்ணே உட்கார்ந்து சொத்தை மல்லாட்டையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பெயர் பூங்காவனம். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்:

"சார், நீங்க சொல்றது நெசந்தானா?"

"நிஜம்தாம்மா."

"அப்ப வாயால சொல்லிக்கினு திரியாதீங்க. எங்கப்பாவே நம்பல, கிளியனூர்ல எவன் நம்புவான்? அச்சுல போட்டுக் கொண்டாங்க. விளக்கு இருந்தா நம்புவாங்க."

"நீ சும்மா கெட" என்றார் ஏழுமலை.

"சும்மா கெடந்துதான் போன தரம் நின்னுது." இப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எனக்கு எந்த நாளா இருந்தாலும் ஒண்ணுதான் சார். ஆனா ஜோசியரு வாயத் தொறந்துட்டாரு. நாளைக்கு அந்த வூட்ல ஒரு மாடு செத்தாக்கூட, கரிநாள்ல வந்தவன்னு என் தலையிலதான் வுழும். கம்பெனி தலையில வுழுமா?"

விழாது. அதற்காகத்தான் இருபத்திரண்டாம் விதி இருக்கிறது.

நேராகத் திண்டிவனம் போனேன். அங்கே எனக்குத் தெரிந்த அச்சகம் ஒன்றில் மரக்கட்டையில் இரண்டு விளக்குகள் செதுக்க வைத்து, கம்பெனி பெயரோடு புதிய ஜூன் தாளைக் கோக்கச் சொன்னேன். அனுமதி இல்லை. தலைமை அலுவலகத்துக்குத் தகவலும் இல்லை. ஆனாலும் பதினான்காம் விதியை விடவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டதும் மறு பஸ்ஸில் வந்துவிட்ட காணை ஜோசியரின் பஞ்சாங்கத்தைக் காதர் பாய் கையில் பிடித்துக்கொள்ள, நான் உரக்கப் படித்தேன். "ஆறு, அணைந்த விளக்கு." "செரி சார்." "பதின்மூன்று, எரியும் விளக்கு." "செரி." படி சரியென்று இருவரும் கையெழுத்திட்டோம். "எங்க வாப்பா கேட்டா இன்னான்னு சொல்லுவேன், முகூர்த்த நாளுக்குக் கையெழுத்துப் போட்டேன்னா?" என்று காதர் பாய் தலையில் அடித்துக்கொண்டார். ஜோசியர் அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

இனி என் தவறு. அச்சுத் தவறில் எனக்குப் பாதிப் பங்குதான். இது முழுக்க என்னுடையது.

பழைய தாளைக் கிழித்துக் கொடுத்தால் புதுத் தாளும் ஒரு சின்ன சோப்பும் என்று ஏற்பாடு. எங்கள் வண்டிக்கு ரூட் கார்டு ஒன்று உண்டு. இந்த வாரம் விழுப்புரம் வட்டாரம், அடுத்த வாரம் திண்டிவனம் வட்டாரம் என்று வருடம் முழுவதற்கும் எழுதியிருக்கும். வண்டி கிளம்பும் முன் காதர் பாய் சொன்னார்:

"சார், பொண்ணு வூடு கெடாரு, மாப்புள வூடு கிளியனூரு. ரெண்டுக்கும் ஒரே நாள்ல தாள் போவலைன்னா பேஜாரு. காலைல இங்க, மத்தியானம் அங்க, ஜல்தியா முடிச்சிக்கினு வந்துரலாம்."

"திண்டிவனம் சைடு அடுத்த வாரம்தானே பாய், கார்டுல?"

"கார்டு வந்தா சார் கல்யாணம் பண்ணிக்கப் போவுது?"

நான் கேட்கவில்லை. ஏற்கெனவே ஒரு விதியை மீறியாயிற்று. இன்னொன்றையாவது காப்பாற்றினால் மனம் சமாதானப்படும் போலிருந்தது. விதிகளை நன்றாகத் தெரிந்தவனுக்கு வருகிற வியாதி இது. பெரிய விதியை மீறிய பயத்தில் சின்ன விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான்.

கெடாரில் தாளைக் கொடுத்த அன்று ஏழுமலை என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாயால சொன்னப்போ நம்பல சார். இப்பல்ல தெரியுது!" என்றார். அதே நாள் உறவுக்காரர் ஒருவரைக் கிளியனூருக்கு அனுப்பி, 'கம்பெனியில் தேதியை மாற்றிவிட்டார்கள், பதின்மூன்று வைத்துக்கொள்ளலாம்' என்று சொல்லச் சொன்னார்.

அங்கே சுவரில் தொங்கியது பழைய தாள். அதில் பதின்மூன்றாம் தேதி விளக்கு அணைந்திருந்தது. பெண் வீட்டார் கரிநாளில் கல்யாணம் வைக்கச் சொல்கிறார்கள் என்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து ஏழுமலை டெப்போ வாசலில் வந்து நின்றார். தோளில் துண்டு இல்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து ஓடி வந்திருக்கிறார்.

"போச்சு சார். தாம்பூலத்தத் திருப்பிக் குடுக்கக் கெளம்பறாங்களாம். பொண்ணு வாயே தொறக்க மாட்டேன்றா. நீங்க வராமலே இருந்திருந்தா ஆறாந்தேதி எப்படியோ நடந்திருக்கும்."

உண்மை. மேனேஜரிடம் சொல்லிக்கொள்ளவும் நிற்காமல், டெப்போ முத்திரையையும் கடிதத்தாளையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஏழுமலையை வண்டியில் ஏற்றிக்கொண்டேன். கம்பெனி வண்டியில் வெளியாரை ஏற்றலாகாது என்பதற்கும் ஒரு விதி உண்டு. அந்த விதியின் எண்ணை அன்று மறந்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் தகப்பனார் பெயர் கோவிந்தசாமி. நாங்கள் போனபோது பித்தளைத் தட்டில் தேங்காயும் பழமும் பழைய தாம்பூலமும் எடுத்து வைத்து, இரண்டு பங்காளிகளோடு கிளம்பத் தயாராக நின்றார். ஏழுமலையை நேராகப் பார்க்காமல் என்னிடம் பேசினார்.

"ஒங்க கம்பெனிதானா இது?" சுவரிலிருந்து இறக்கிய காலண்டரை என் முன்னால் போட்டார். என் கையிலிருந்த புதுத் தாளையும் வாங்கிப் பக்கத்தில் வைத்தார். "இதுவும் ஒங்க கம்பெனி. இதுலயும் ஒங்க விளக்கு, அதுலயும் ஒங்க விளக்கு. எதுய்யா நெசம்?"

"புதுசுதான் சரி."

"பழசும் செரின்னுதானே குடுத்தீங்க?"

இந்த இடத்தில் நீங்கள் சற்று நிற்க வேண்டும். என்னிடம் ஒரு நல்ல பொய் இருந்தது. 'சென்னையில் பெரிய பண்டிதர்களை வைத்துப் புதிதாகக் கணித்தார்கள். முன்பு கணித்ததை விட இது துல்லியம்' என்று சொன்னால் போதும். கம்பெனியின் மதிப்பு ஒரு படி ஏறும், விதி எதுவும் உடையாது, கோவிந்தசாமியும் நம்புவார். விளம்பரக்காரனுக்கு அது மூச்சு விடுவது போல. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால், பஞ்சாங்கத்தில் எந்த வருடமும் மாறாத ஒரு நாளை எங்கள் கம்பெனி மாற்றலாம் என்று ஆகிவிடும். அடுத்த வருடம் அச்சுக் கோப்பவர் எங்கே விளக்கை வைக்கிறாரோ அங்கே நல்ல நாள். இந்த இரண்டு வீடுகளும் இதைவிட மோசமான இடத்தில் வந்து நிற்கும். நான் அப்போது அங்கே இருக்க மாட்டேன்.

"பழசு தப்பு," என்றேன். "நாள் மாறலை. நான் மாத்திட்டேன். படத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். இவரா தேதியை மாத்தச் சொல்லலை, நான்தான் சொன்னேன். இவருக்கு முதல்ல தாளைக் கொடுத்துட்டு உங்களுக்கு லேட்டாக் கொண்டு வந்ததும் என் தப்பு. பொண்ணு வீட்டார் மேல ஒரு குற்றமும் இல்லை."

பங்காளிகளில் ஒருவர் கேலியாகச் சொன்னார்: "இன்னா சோப்பு சாரு, பெரிய கம்பெனின்றீங்க, விளக்கு ஏத்தத் தெரியலியா?"

கோவிந்தசாமி அவரைக் கையமர்த்தினார். "வாயால சொல்றீங்க. எழுதிக் குடுப்பீங்களா? நாளைக்கு எம் பக்கத்து ஆளுங்க கேட்டா நான் இன்னாத்தக் காட்டறது?"

இருபத்திரண்டாம் விதி முழுதாக என் கண் முன்னால் வந்து நின்றது. வாயால் ஒப்புக்கொண்டதை யாரும் நிரூபிக்க முடியாது. கடிதத்தாளில் எழுதி முத்திரை போட்டால் அது கம்பெனியின் வாக்குமூலம். பின்னால் நின்ற காதர் பாய் குனிந்து என் காதில் சொன்னார்: "எழுதுங்க சார். வேலை போச்சின்னா எங்க மச்சான் கடையில வந்து உக்காந்துக்கோங்க. அங்க காலண்டர் போடறதில்ல."

எழுதினேன். இன்ன தாளில், இன்ன தேதிகளில், படங்கள் இடம் மாறி அச்சாயின. இது கம்பெனியின் பிழை. மணமகள் வீட்டார் மீது எவ்விதக் குற்றமும் இல்லை. கையெழுத்துப் போட்டு, டெப்போ முத்திரை குத்தி, உரக்கப் படித்துக் காட்டினேன். கோவிந்தசாமி வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"விளக்கு எங்க?" என்றார்.

"இது கடிதம்ங்க..."

"விளக்கு இல்லாம கம்பெனி கடுதாசின்னு எவன் நம்புவான்?"

யாரும் சிரிக்கவில்லை. நானும்தான். தாளை வாங்கி, முத்திரைக்குப் பக்கத்தில் என் பேனாவால் ஒரு விளக்கு வரைந்தேன். சுடரைச் சற்றுப் பெரிதாகவே போட்டேன். அதன்கீழ் 'ஆனி 13' என்று எழுதினேன். கோவிந்தசாமி அதை வாங்கிப் பங்காளிகளிடம் காட்டினார். பிறகு தட்டிலிருந்த தேங்காயை எடுத்து வீட்டுக்குள் கொடுத்தனுப்பிவிட்டு, முதல்முறையாக ஏழுமலை பக்கம் திரும்பினார்.

"இன்னா சம்பந்தி, நின்னுக்கினே கீறீங்க? காபி சாப்புட்டுப் போங்க."

அன்று மாலையே திண்டிவனம் வட்டாரம் முழுவதும் தாளைக் கொடுக்கத் தொடங்கினோம். ரூட் கார்டு டெப்போ மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. எங்களுக்குத் தெரிந்த ஐந்து கல்யாணங்களில் நான்கு பதின்மூன்றாம் தேதிக்கு மாறின. ஐந்தாவது வீட்டை அப்போது கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்கள் எரியக் கூடாத விளக்கை நம்பி ஆறாம் தேதியிலேயே முடித்தார்கள். நான்கு பிள்ளைகள் பெற்று, எனக்குத் தெரிந்து நன்றாகவே வாழ்ந்தார்கள். இதை நான் ஜோசியரிடமும் சொல்லவில்லை, தலைமை அலுவலகத்துக்கும் எழுதவில்லை.

பூங்காவனத்தின் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மணையில் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தாள். நன்றி என்று எடுத்துக்கொள்ள முடியாது. வந்த வேலை முடிந்ததா, சரி, போங்கள் என்பது போலிருந்தது. அந்தக் கடிதத்தைக் கோவிந்தசாமி கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். மாட்டிய இடம் எங்கள் காலண்டருக்கு நேர் மேலே.

தலைமை அலுவலகத்திலிருந்து குற்றச்சாட்டு ஒன்பது நாளில் வந்துவிட்டது. அனுமதியின்றி அச்சிட்டது, பிழையை எழுத்தில் ஒப்புக்கொண்டது, கம்பெனி அடையாளத்தைக் கையால் வரைந்தது என்று மூன்று குற்றங்கள். வெளியாரை வண்டியில் ஏற்றியதை விட்டுவிட்டார்கள். அதை யாரும் போட்டுக் கொடுக்கவில்லை. விளக்கம் எழுதினேன். என் முந்தைய கடிதம், நினைவூட்டல், தந்தி மூன்றின் எண்களையும் குறிப்பிட்டேன். பதவி உயர்வு தள்ளிப் போயிற்று. மேனேஜர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள், அடுத்த வருட அச்சுப்படியை என் மேசைமேல் வைத்துவிட்டு, "முதலில் விளக்கைப் படிங்க" என்றார். அவ்வளவுதான். அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தவற்றில் கையேட்டில் இல்லாத பாடம் அது ஒன்றே.

நீங்கள் செய்யப்போகும் விளம்பரங்கள் என்னுடையதை விடப் பெரியவை, வேகமானவை. ஒரு பொருளை வாங்கச் சொல்வதாகத்தான் நினைத்துக்கொள்வீர்கள். ஜனங்கள் அதிலிருந்து வேறு எதையோ எடுத்துக்கொண்டு, தாங்கள் முன்பு அறிந்திருந்ததை அந்த இடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று ஒரு முறையாவது அவர்கள் வீட்டுச் சுவர் வரை போய்ப் பாருங்கள். எனக்கு அதைக் காட்ட ஒரு ஜோசியர் பஸ் ஏறி வர வேண்டியிருந்தது. உங்களுக்கு அப்படி ஒருவர் வருவார் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

மார்கழியில் ஒரு காலை ஏழுமலை பத்து உறைகளோடு புதுக் காலண்டர் வாங்க டெப்போவுக்கு வந்தார். பூங்காவனம் முழுகாமல் இருக்கிறாள் என்று சொன்னார். "காலண்டர வாங்கி ஜோசியராண்ட ஒரு தபா காட்டிட்டு எடுத்தாரச் சொல்லி அனுப்பிச்சா சார். கோவிச்சிக்காதீங்க" என்றார். கோபித்துக்கொள்ள எனக்கு என்ன இருக்கிறது? அவர் உட்கார்ந்திருக்கும்போதே தபால்காரர் வந்தார். தலைமை அலுவலகத்து உறை. சித்திரையில் நான் எழுதிய முதல் கடிதத்துக்குப் பதில். ஜூன் தாளைத் திருத்தி அச்சிட்டு வழங்க அனுமதி அளிக்கப்படுகிறது. ஆனி ஆறாம் தேதிக்கு முன்பாக வினியோகத்தை முடிக்கவும்.

இரண்டு முறை படித்தேன். சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். அன்றைய கட்டத்தில் விளக்கு அணைந்திருந்தது. ஜோசியரின் பஞ்சாங்கத்தோடு சரியாகவே இருந்தது. உள்வரும் தபால் பதிவேட்டை எடுத்து, பதில் கிடைத்த தேதி என்ற கட்டத்தில் எழுதினேன்: மார்கழி ஆறு.